சொல்லாலயா, செயலாலயா

இல்லைங்க காஜி ஐயா, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. வெளியில பெஞ்சில உக்காந்திருந்தேனா, உங்க ஆளு இன்னொருத்தர்கிட்ட மெதுவாத்தான் சொன்னாரு, அந்தப் பனிக் கேஸுப் பொண்ணு வந்திருக்குன்னு. என் பேரைச் சொல்லியிருந்தா ஒருத்தரும் திரும்பியிருக்க மாட்டாங்க. பனின்னதும் பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பாத்துடுச்சு. இந்தக் கரக்கு மலையூருல அந்தப் பனியை மறந்தவங்க யாரு இருக்கா.

கதவைக் கொஞ்சம் சாத்திக்கலாமா? எங்கண்ணன் முஹன்னத் வெளியில நிக்கிறாரு. அவருக்குக் காது கூர்மை. நல்லதுங்க.

கேள்வி எனக்குப் புரியாம இல்லைங்க. தலாக்குக்கு அப்புறம் காத்திருக்கிற அந்த மூணு மாசம், இத்தா, முடியறதுக்குள்ள ராகான் என்னை மீட்டுக்கிட்டாரா இல்லையா. சொல்லாலயோ, தொடற மாதிரி ஒரு செயலாலயோ. மீட்டுக்கிட்டாருன்னா நான் இன்னும் அவரு பொஞ்சாதி. இல்லைன்னா இத்தா முடிஞ்ச அன்னைக்கே அவரு யாரோ நான் யாரோ. மறுபடி சேரணும்னா புதுசா நிக்காஹ் பண்ணணும், அதுக்கு எங்கண்ணன் சம்மதிக்கணும். சாக்கடலு தித்திச்சாலும் தித்திக்கும் ஐயா, அவரு சம்மதிக்க மாட்டாரு.

ராகான் உங்ககிட்ட என்ன சொன்னாரு? தொடவே இல்லைன்னாரா. அதுதாங்க உண்மை. தொடல. பொய் சொல்ற ஆளு கிடையாது.

எழுதிடலாமான்னா, எழுதிக்கங்க. இல்ல, கொஞ்சம் இருங்க. ஒரே அறையில இருந்தோம்ங்கிறதை மறைச்சுடுன்னு எங்கண்ணன் சொல்லித்தான் அனுப்பினாரு. நான் மறைக்கப் போறதில்ல. ஒரே அறைதான். ஊரே அப்ப ஒரே அறையிலதானே இருந்துச்சு? நம்ம வீடெல்லாம் வெயிலுக்குக் கட்டினது. கல்லுச் சுவரு, பளிங்குத் தரை, மெல்லிசுக் கண்ணாடி. கோடையில சொர்க்கம். பனி வந்தா ஐஸ் பெட்டி. யாரு வீட்டுல ரெண்டு அறையைச் சூடு பண்ண வசதி இருக்கு? எல்லா மெத்தையையும் ஒரு அறையில இழுத்துப் போட்டு, மத்த அறையெல்லாம் மூடிட்டு, ஒரு கணப்பைச் சுத்திக் கெடக்கறதுதான். உங்க வீட்டுலயும் அப்படித்தானே? பாத்தீங்களா.

முதல்லேருந்து சொல்றேன். ராகான் கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டறவரு. தெருத் தெருவா அந்தப் பாட்டைப் போட்டுக்கிட்டு வருமே, அந்த வண்டி. புயல் வருதுன்னு ரேடியோவுல சொன்ன அன்னைக்கு ஊரு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். ரொட்டிக் கடையில தள்ளுமுள்ளு. மனுசன் ஒரு வருசத்துக்குத் தின்னற ரொட்டியை ஒரே நாள்ல வாங்கினாங்க. நானும் நின்னேன். முன்னால நின்ன அம்மா ஒரு மூட்டை ரொட்டியைத் தூக்கிட்டுப் போறாங்க, யாருக்கும்மா இவ்வளவுன்னா, நானும் எம்புருசனுந்தான்னு சொல்றாங்க. அவரு என்ன யானையான்னு பின்னாலேருந்து ஒருத்தி கேட்டா. சிரிச்சோம். அன்னைக்குக் காலையில எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அதைச் சொல்றேன்.

ரொட்டியோட வீட்டுக்கு வந்தா, மாடிப்படிக்குக் கீழ நான் எடுத்து வச்சிருந்த ரெண்டு சிலிண்டரையும் காணோம். வண்டியில இருந்ததெல்லாம் வித்துத் தீந்தப்புறம், மேட்டுத் தெருவுல புதுசாப் பிரசவமான ஒரு பொண்ணு வீட்டுக்குக் கேஸ் இல்லைன்னு எங்க வீட்டுதைத் தூக்கிக் குடுத்துட்டாரு. ஒண்ணு அங்க. இன்னொண்ணு யாரோ கெஞ்சினாங்கன்னு. புயலா, சும்மா மழைதான் வரும், ரேடியோக்காரன் போன வருசமும் இதையேதான் சொன்னான்னாரு.

எனக்கு முன்னாடியே விசயம் தெரிஞ்சிருந்தா நானே தூக்கிக்கிட்டுப் போயிக் குடுத்திருப்பேன் ஐயா. கல்லு மனசு இல்ல எனக்கு. ஆனா எங்க ஜுமானாவுக்கு ஏழு வயசு, குளிரு பட்டா நெஞ்சு இழுக்கும். அந்த ஆத்திரத்துல, படியில நின்னுக்கிட்டு, அக்கம்பக்கத்து ஆளுங்க எல்லாம் கேக்கக் கத்திட்டேன். ஊருக்கெல்லாம் சூடு விக்கிற மனுசன் பெத்த பொண்ணைக் குளிருல போடறாரு, பாருங்கடி வந்துன்னு. கீழ் வீட்டுக் கதவு தொறந்துச்சு. எதிர் மாடியில ரெண்டு தலை எட்டிப் பாத்துச்சு.

அப்பத்தான் சொன்னாரு. ருதைனா, நீ தலாக்குன்னு. ஒரே தடவை.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, நம்ம ஊரு ஆம்பளைங்க பாதிப் பேரு வாயில அந்தச் சொல்லு சும்மாவே புழங்குது. விருந்தாளி தட்டுல ஒரு துண்டு இறைச்சியை வச்சு, இதைச் சாப்பிடலைன்னா என்மேல தலாக்குன்னு சத்தியம் பண்ணுவாங்க. ராகான் அதுல மன்னன். தக்காளி விலைக்கு, பந்தாட்டத்துக்கு, எல்லாத்துக்கும். எங்கல்யாணம் எத்தனை தடவை ஒரு துண்டு ஆட்டிறைச்சியில தொங்குச்சுன்னு கணக்கே இல்ல. நீங்க சிரிக்கிறீங்க. நாங்களும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம்.

ஆனா அன்னைக்கு என் மூஞ்சியைப் பாத்து, நேரா, பேரைச் சொல்லிச் சொன்னாரு. சொன்ன அடுத்த நிமிசம் அவரு மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். சூடான பாத்திரத்தைத் தெரியாமத் தொட்டவன் மாதிரி. அவரோட உம்மா, எங்க மாமி, உள்ளேருந்து ஓடி வந்தாங்க. அட கழுதைக்குப் பொறந்தவனேன்னாங்க. அது அவங்க புருசனையும் சேத்துத் திட்டற மாதிரி ஆயிடுச்சு, பாவம், அவரு மௌத்தாகி எத்தனையோ வருசம்.

அப்பவே மீட்டுக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு உரிமை இருக்கு, என்னைக் கேக்கக்கூடத் தேவையில்லைன்னு எனக்கும் தெரியும். சொல்லத்தான் வாயைத் தொறந்தாரு. நான் விடல. திரும்பக் கூப்பிட்டா வர்றதுக்கு நான் சந்தையில வித்த ஆடு இல்ல, நீங்க மீட்டாலும் நான் வர மாட்டேன்னேன். அவரு வாயை மூடிக்கிட்டாரு. சரி, நீயா கேக்காம நான் சொல்ல மாட்டேன்னாரு. நான் கேக்கவே மாட்டேன்னேன். இப்படித்தாங்க ரெண்டு பேரும் பூட்டைப் போட்டுக்கிட்டோம்.

எங்கண்ணனுக்கு ஃபோன் பண்ணினேன். மூட்டை கட்டி வை, காலையில வர்றேன்னாரு. காலையில எங்க வர்றது. சாயங்காலமே பனி கொட்ட ஆரம்பிச்சுது. விடிஞ்சு பாத்தா மலைப்பாதை இல்ல, கார் இல்ல, எதிர் வீட்டு ஆலிவ் மரம் ரெண்டாப் பொளந்து கெடக்கு. கம்பி அறுந்து கரண்டும் போச்சு. மொட்டைமாடித் தண்ணி டேங்க் கெட்டிக் கல்லு. அண்டாவுல பனியை அள்ளி உருக்கித்தான் டீத்தண்ணி. ஜுமானாவுக்கு மட்டும் கொண்டாட்டம். திராட்சைப் பாகை ஊத்திப் பனியைக் கிண்ணங்கிண்ணமாத் தின்னா.

அடுப்படியில இருந்த சிலிண்டர் ஒண்ணுதான். அதைக் கணப்புக்கு மாத்தினோம். நாங்க நாலு பேரும் அதைச் சுத்தி. நான் ஒரு ஓரம், என் பக்கத்துல ஜுமானா, அப்புறம் மாமி, அந்த ஓரத்துல அவரு. நடுவுல நான் எல்லைச் சாவடி மாதிரி படுத்துக்கறேன், தாண்டறவங்க பாஸ்போர்ட்டைக் காட்டணும்னு மாமி சொன்னாங்க. ரெண்டாம் நாளு, எனக்கு முதுகு வலிக்குது, ஓரமாப் போறேன்னாங்க. வேண்டாம்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினோம். அந்தக் கிழவிக்கு முதுகும் வலிக்கல, ஒண்ணும் வலிக்கல, எனக்குத் தெரியும்.

அவரு எப்படி இருந்தாருன்னு கேக்கறீங்க. பயந்து போயி இருந்தாரு. பொழுதன்னைக்கும் சத்தியம் பண்ணின மனுசன், அதுக்கப்புறம் அந்தச் சொல்லை வாயில எடுக்கவே இல்ல. டீயைக் கொண்டாந்து தரையில வச்சுட்டு ரெண்டு அடி பின்னால போயி நிப்பாரு, வெரலு பட்டுடக் கூடாதுன்னு. பேரைச் சொல்லிக் கூப்பிடறதும் நின்னுபோச்சு. ஜுமானாவோட உம்மான்னு. ஒரு தடவை நான் நடுங்கறதைப் பாத்துட்டு, அவரோட ஆட்டுத்தோலு அங்கியைக் கழட்டி அங்கேருந்தே எறிஞ்சாரு. அது போயி மாமி தலையில விழுந்துச்சு. என்னை உயிரோட பொதைக்கிறியாடான்னாங்க உள்ளேருந்து.

ஆமாங்க, விசயத்துக்குத்தான் வர்றேன்.

சிலிண்டர் தீந்துபோச்சு. அன்னைக்கு விடியக்கால ஜுமானாவுக்கு இழுப்பு வந்துடுச்சு. உதடு ஒரு மாதிரி நெறம் மாறுச்சு. வெள்ளிக்கிழமை பள்ளத்தாக்குக்குப் போயி இறைச்சி சுடறதுக்குன்னு ஒரு கோணி கரி வச்சிருந்தோம். அவரு அதை மாடிப்படிகிட்ட இரும்புச் சட்டியில போட்டுப் பத்த வச்சு, புகையெல்லாம் அடங்கி நல்லாக் கனிஞ்சு செவந்தப்புறம்தான் உள்ள கொண்டாந்தாரு. புகை இல்லைன்னா ஆபத்து இல்லைன்னுதானே நாம எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்கோம்? நானும் அதைத்தான் நெனச்சேன். எல்லாருமாச் சேந்து பண்ணின தப்பு அது. அவரை மட்டும் சொல்லாதீங்க.

சட்டியை வச்சுட்டு, தொழுதுட்டு, பனி வெட்ட மொட்டைமாடிக்குப் போனாரு. கூரை எறங்கிடும்னு பயம். கதவைச் சாத்திக்கங்க, சூடு போயிடும்னாரு. மாமி கதவுக்கு அடியில துண்டைச் சுருட்டிச் செருகினாங்க. ஜன்னலுக்கு ஏற்கெனவே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தோம். நல்லா எதமா இருந்துச்சு ஐயா. அத்தனை நாள்ல முதல் தடவையா எதமா இருந்துச்சு. ஜுமானா தூங்கிட்டா. மாமி குறட்டை விட்டாங்க. எனக்குத் தலை வலிச்சுது, கவலையிலதான் வலிக்குதுன்னு படுத்தேன்.

அப்புறம் கதவு இடிக்கிற சத்தம். துண்டு அடைச்சிருந்ததால தொறக்கல. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கிட்டு வந்தாரு. நெனவு இருந்துச்சான்னா, இருந்துச்சுங்க. நல்லாவே இருந்துச்சு. கரியோட விசக் காத்து ஏறி, ஒடம்புதான் என்னோடது மாதிரி இல்ல. கை தூக்கணும்னு நெனப்பேன், கை அங்கயே கெடக்கும். கண்ணு பாதி தொறந்திருந்துச்சு. எல்லாம் பாத்தேன்.

ஜுமானாவை அள்ளிக்கிட்டு வெளியில ஓடினாரு. திரும்பி வந்து மாமியைத் தூக்கினாரு, கனத்த ஒடம்பு, அக்குள்ல கையைக் கொடுத்து இழுத்துக்கிட்டுப் போனாரு. மூணாவதா வந்தாரு.

என் மெத்தைகிட்ட வந்து குனிஞ்சாரு. ரெண்டு கையும் என் தோளுக்குப் பக்கத்துல வந்துச்சு. அங்கயே நின்னுபோச்சு.

ஆமாங்க. செத்துக்கிட்டிருக்கிறவளைத் தொட்டா யாரு கேக்கப் போறா? மார்க்கம் ஒண்ணும் சொல்லாதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குக்கூடத் தெரியும். அவருக்கு அந்த நேரத்துல என்ன தெரிஞ்சுது? தொட்டா மீட்ட மாதிரி ஆயிடும், நான் வர மாட்டேன்னு சொல்லியிருக்கேன், அவ்வளவுதான் தெரிஞ்சுது. ருதைனா எந்திரி, ருதைனா எந்திரின்னு கத்தினாரு. ஜுமானாவோட உம்மான்னு கூப்பிடல. பேரைத்தான் சொன்னாரு. எந்திரிக்க முடியலையே.

அப்புறம் மெத்தையோட ரெண்டு முனையைப் புடிச்சாரு. மெத்தையோட சேத்து என்னை இழுத்தாரு ஐயா. வாசப்படியில மாட்டிக்கிச்சு. சுத்தி வந்து காலால மெத்தையைத் தள்ளினாரு, மறுபடி அந்தப் பக்கம் போயி இழுத்தாரு. நிலையில தலை இடிச்சுது, இதோ இந்தக் காதுக்கு மேல. அவரு அழுதுக்கிட்டே இழுத்தாரு. ஒரு வெரலு படல. எங்கண்ணன் இதைக் கேட்டுட்டு, பாத்தியா, உன்னைக் குப்பை மாதிரி இழுத்துக்கிட்டு வந்திருக்கான், இவனோடவா வாழப் போறேன்னாரு. ஊருல பாதிப் பேரு அப்படித்தான் பேசறாங்க. இன்னொரு பாதி, என்ன இருந்தாலும் உயிரைக் காப்பாத்தினான்னு. நான் ரெண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கிட்டிருக்கேன்.

மாமியும் ஜுமானாவும் நல்லாயிருக்காங்க, அல்லாஹ் கிருபை. ஜுமானா எங்கூடத்தான் அண்ணன் வீட்டுல இருக்கா. வாப்பா எப்ப வருவாருன்னு கேப்பா. மாமன் இருக்கிறப்ப கேக்க மாட்டா, அந்த வயசுலயே அவளுக்குப் புரிஞ்சிருக்கு.

பாதை தொறந்த அன்னைக்கே எங்கண்ணன் கார்ல வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ராகான் வாசல்ல நின்னாரு. ஏதோ சொல்ற மாதிரி தொண்டையைச் செருமினாரு. எங்கண்ணன் கதவை அடிச்சுச் சாத்திட்டாரு. அதுக்கப்புறம் மூணு மாசமும் எங்க தெருப் பக்கம் அந்த வண்டிப் பாட்டு கேட்டா நான் ஜன்னல்கிட்டப் போவேன். வேற எவனாவது இருப்பான். அண்ணன் கூடவே இருந்தாரு, ஃபோனையும் வாங்கி வச்சுக்கிட்டாரு. ஒண்ணு சொல்லணும், அண்ணன் கெட்டவரு இல்ல. தங்கச்சி தெருவுல அசிங்கப்பட்டான்னு அவருக்கு ஆறல.

என்ன எழுதறீங்க? தொடவில்லை. சரிதான். மீட்கவில்லை... அதை இன்னும் எழுதலையே? எழுதாதீங்க, கொஞ்சம் இருங்க. மையி காயறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்.

நீங்க எல்லாரும் அவரு என்ன பண்ணினாருன்னே கேக்கறீங்க. வக்கீலு கேட்டாரு, அண்ணன் கேட்டாரு, இப்ப நீங்க. அவரும் அவரு பண்ணினதை மட்டும் சொல்லிட்டுப் போயிருக்காரு. மிச்சத்தைச் சொன்னா எனக்கு வெக்கம்னு நெனச்சிருப்பாரு. இல்லாட்டி அது மயக்கத்துல நடந்ததுன்னு நெனச்சிருப்பாரோ என்னமோ. மயக்கம் இல்ல. சொன்னேனே, நல்லா நெனவு இருந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் படிக்கட்டுல சாஞ்சு கெடந்தாங்க, ஜுமானா இருமிக்கிட்டிருந்தா, மாமி வாந்தி எடுத்துக்கிட்டே கரிக்காரனைச் சபிச்சுக்கிட்டிருந்தாங்க. எல்லாம் ஞாபகம் இருக்கு. படியில பனி உள்ள அடிச்சு என் மூஞ்சியில விழுந்துச்சு. கொஞ்சங்கொஞ்சமாக் கை காலு என்னோடதாச்சு. அவரு மெத்தையிலேருந்து தள்ளி, சுவரோட ஒட்டி உக்காந்திருந்தாரு. மூச்சு வாங்குது, மேலெல்லாம் பனி, கண்ணு என் மேலயே.

நான் மெத்தையிலேருந்து புரண்டேன். முழங்கையை ஊணி, அந்தச் சில்லுத் தரையில நகந்து போனேன். போயி அவரு கையைப் புடிச்சேன் ஐயா. கீழ் வீட்டு ஆளுங்க பனியை வெட்டிக்கிட்டு ஏறி வர்ற வரைக்கும் நான் விடல. அவரும் உருவிக்கல.